காரம் செத்த சுண்ணாம்பு

என் தம்பிக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போனது. அதுவரை நான் பார்த்துக் கொண்டுவந்த பெண்களையெல்லாம் "நல்லவங்கதான்க்கா" என்று சொல்லியே தட்டிக்கழித்தவன். இந்தப் பெண் எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறாள். பல் மருத்துவமனை ஒன்றில் தாதி. தம்பி பூசை நேரத்தில் மைக் பார்த்துக்கொள்பவன். ஒரு வருடமாகக் கோளாறே இல்லாத மைக்கைப் போய்ப் போய்ச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறான். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது புரியாமல் போனதில் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம்.

அவளுக்குச் சம்மதம். சிக்கல் அவள் அப்பா. அதாவது, அப்பாவின் பொம்மைகள்.

அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் என்று பசிபிக் பக்கமே சுற்றியிருக்கிறார். மற்றவர்கள் கப்பலிலிருந்து ரேடியோவும் சென்ட்டும் கொண்டுவந்த காலத்தில், இவர் தீவுக்காரர்கள் செதுக்கிய முகமூடி, கேடயம், துடுப்பு என்று மரமாகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு நாலறை வீட்டில் அவர், மகள், பொம்மைகள். முன்பு ஒரு சம்பந்தம் வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் உட்காருவதற்கு முன்பே, "இதையெல்லாம் எப்ப எடுத்துப் போடப்போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாராம். அன்றிலிருந்து மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: வருகிறவர்கள் பேச்சில் அப்பாவின் முகம் வாடினால், அந்தக் கல்யாணம் வேண்டாம்.

இதைச் சொல்லும்போது தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை ஈசூன் காப்பிக்கடையில் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு கண் கலங்கினால் பார்க்கிற அக்காவுக்கு எப்படி இருக்கும்?

"ஒரே ஒரு தடவதான்க்கா சான்ஸ். மாமா வாயத் தொறக்காம இருந்தாப் போதும்லா."

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. தாய்மாமன் இல்லாமல் பெண் கேட்கப் போக முடியாது. மாமா வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்ற அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்து இத்தனை வருடம் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகு மொத்தமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. மனதில் பட்டது வாயில் வந்துவிடும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்குத் தானாக வந்து நின்றுபோன இரண்டு சம்பந்தங்களுக்கும் ஒரு பழமொழி போதும்: நுணலும் தன் வாயால் கெடும். இதில் தவளை மாமா, கெட்டது தம்பி. இத்தனைக்கும் அவருக்குத் தம்பி என்றால் உயிர். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அந்தக் கணக்கில் சிறு வயதிலிருந்தே வெண்ணெய் அவனுக்கு, சுண்ணாம்பு எனக்கு.

மாமாவின் வாயை அடைக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. வெற்றிலை. வாயில் வெற்றிலை இருக்கும்வரை அவரிடமிருந்து "ம்", "ம்ஹூம்" தவிர வேறு எதுவும் வராது. நாகரிகமாகத் துப்புவதற்கு மூடி போட்ட பாட்டில் ஒன்றைக் கூடவே வைத்திருப்பார். ஆகவே போகிற வழியில் லிட்டில் இந்தியாவில் வெற்றிலை வாங்குவது, பெண் வீட்டில் நுழைந்ததும் ஒரு தாம்பாளம் மாதிரி அவர் முன்னால் பரப்புவது, அது தீர்வதற்குள் பேச்சை நான் முடித்துவிடுவது. இதுதான் என் திட்டம்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் வாடின வெற்றிலைக் கவுளி ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார். பெண் கேட்கப் போகிற வீட்டுக்கு வாடின வெற்றிலையா என்று நான் பிடித்த பிடியில், உள்ளேயிருந்து இளசாக ஒரு கட்டை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, ஏதோ முணுமுணுத்தார். நானும் பதிலுக்கு முணுமுணுத்துவிட்டு, அவர் நீட்டியதையெல்லாம் கோபத்தோடு வாரிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்தேன்.

ரயிலில் வெற்றிலை போடக் கூடாது என்பதால் புக்கிட் பாஞ்சாங் வரும்வரை மாமா பேசினார். சிலைகளை வீட்டில் வைப்பது பற்றி விவிலியம் என்ன சொல்கிறது என்பதில் ஆரம்பித்து, பேய் பிடித்த ஒரு பேருந்து வரை போனார். தம்பி எதிர் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். உதடு அசைந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்ததும் காலணி அலமாரி இருக்க வேண்டிய இடத்தில் ஆள் உயரக் கேடயம் ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. மாமா சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார். உள்ளே சுவர் முழுக்க முகங்கள். நாக்கை நீட்டியவை, மூக்கு நீண்டு நெஞ்சைத் தொடுபவை, கண்ணுக்குப் பதில் சோழி பதித்தவை. மற்ற வீடுகளில் பீங்கான் தட்டு அடுக்கியிருக்கும் கண்ணாடி அலமாரியில் இங்கே மரத்தாலான மனிதர்கள் குந்தியிருந்தார்கள். தொலைக்காட்சிக்கு மேலே ஒரு படகின் மூக்கு. இத்தனைக்கும் நடுவில் மாதா சுரூபம், சின்ன மின்விளக்கோடு, எந்தப் பதற்றமும் இல்லாமல் நின்றது.

பெரியவர் ஒல்லி. தேய்த்த வெள்ளைச் சட்டை. எங்களை உட்காரச் சொல்லவில்லை. முதலில் சுற்றிக் காட்டினார். பொம்மைகளை 'இவர்', 'அவர்' என்றுதான் சொன்னார். இவர் மழைக்கு வேண்டியவர், அவர் கொஞ்சம் கோபக்காரர், அதனால் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன் என்று. மாமாவுக்கு முதல் ஐந்து நிமிடம் பயத்தில் வாய் எழவில்லை. எழுந்தபோது, தமிழன் எவனைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கமுங்க?"

பெரியவர் அப்போது நீள மூக்குக்காரர் ஒருவரின் முன்னால் நின்றிருந்தார். கேள்வி அவரைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டார். "செபிக் ஆத்துப் பக்கம். உள்ள போக ரோடு கிடையாது, படகுலதான் போகணும்."

மாமா யோசித்தார். "கும்பகோணத்துக்கு அந்தாண்டையா?"

பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள். அந்த இருமலிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. வீட்டைச் சாமியார் வந்து மந்திரித்தாரா என்று அடுத்த கேள்வியைப் போட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நல்லவேளை, பெண்ணே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். ஃபாதர் வந்தாராம், தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனாராம், அப்பா பின்னாலேயே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் துடைத்துக்கொண்டே போனாராம். ஈரம் பட்டால் மரம் வெடித்துவிடும் என்று பெரியவர் விளக்கினார். மாமா அடுத்ததற்கு மூச்சு இழுப்பதைப் பார்த்தேன். இனித் தாமதிக்கக் கூடாது.

சோபாவில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து கடைபரப்பினேன். வெற்றிலை இருந்தது. பாக்கு இருந்தது. சுண்ணாம்பைக் காணோம். கைவிட்டுத் துழாவினேன். குடை, சாவி, கண்ணாடிக் கூடு, டிஷ்யூ பொட்டலங்கள். சுண்ணாம்பு மட்டும் இல்லை. சுண்ணாம்பில்லாத வெற்றிலையை ஆடுதான் தின்னும், மாமா தொடமாட்டார். அந்தக் கடைக்காரரை மனதுக்குள் நான் என்னென்ன சொன்னேன் என்பதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பாவும் மகளும் தேநீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போனார்கள். மாமா எழுந்து அலமாரிப் பக்கம் நடந்தார். சும்மா பார்க்கிறார் என்று நினைத்தேன். அங்கே ஒரு சுரைக்குடுக்கை இருந்தது. மேலெல்லாம் சூட்டுக்கோலால் போட்ட கோலம். வாயில் ஒரு நீளக் குச்சி செருகியிருந்தது. குச்சியின் தலையில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி மனிதர். மாமா குச்சியை உருவினார். நுனி வெள்ளையாக இருந்தது. குடுக்கையைக் காதருகே வைத்து ஆட்டினார். முகர்ந்தார். பின்பு, தன் வீட்டு டப்பியைத் திறப்பவர்போல, உள்ளங்கையில் கொஞ்சம் தட்டிக்கொண்டார்.

"மாமா" என்று நான் சொல்வதற்குள் வெற்றிலை மடிந்து வாய்க்குள் போய்விட்டது. குடுக்கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. பெரியவர் தட்டோடு வந்து நின்றார்.

அந்த நேரத்தில் நான் தம்பியைத்தான் பார்த்தேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். முகத்தில் கோபமில்லை. போகலாமா என்று கேட்கிற முகம். இதோ இப்போது அந்தக் கதவு திறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். மாமாவின் வாயையே பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

வெற்றிலை வாயில் இருந்தால் மாமா பேசமாட்டார் என்று சொன்னேன் அல்லவா? அந்த வெற்றிலையைப் பற்றியே யாராவது கேட்டுவிட்டால் பேசுவார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சாறு வழியாமல் தாடையை உயர்த்திக்கொண்டு சொன்னார்:

"காரம் செத்துப்போச்சு, சம்மந்தி."

ஒரே வாக்கியத்தில் இரண்டு குற்றம். பொருளைக் குறை சொன்னது ஒன்று. இன்னும் பெண்ணே கேட்கவில்லை, அதற்குள் சம்பந்தி என்றது இன்னொன்று. சமையலறை வாசலில் கறிபாப் பலகாரத் தட்டோடு பெண் அசையாமல் நின்றாள்.

பெரியவர் குடுக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். இந்த வீட்டுக்கு வந்தவர்களில் சிலர் இது என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறார்களாம். சிலர் ராத்திரியில் ஏதாவது சத்தம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது சுண்ணாம்பு என்று யாருமே கண்டதில்லை. அந்தத் தீவுகளிலும் நம்மைப்போலவே பாக்கும் சுண்ணாம்பும் போடுவார்களாம். வெற்றிலைக்குப் பதில் அந்தக் கொடியின் காயைக் கடித்துக்கொள்வார்களாம். இவர் புதிதாக அதிகாரியாகி வெள்ளை உடுப்புப் போட்ட நாளில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் இவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிப் பாக்கு உடைத்துக் கொடுத்திருக்கிறார். வாய் சிவந்திருப்பதை மேலதிகாரி பார்த்தால் என்ன ஆகும் என்று பயந்து, வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டாராம் இவர். கப்பல் கிளம்பும்போது அந்த மனிதர் ஓடிவந்து தன் குடுக்கையையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"குடுக்கைய வாங்கிக்கிட்டேன். அவரோட உக்காந்து ஒரு வாய் போடல. எங்கப்பா வெத்தல இல்லாம இருக்கமாட்டாரு, நானும் சின்னதுல போட்டவந்தான். இன்னிக்கும் அது உறுத்துது."

மாமா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். பிறகு பெரியவர் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு மடிச்சுக் குடுங்க."

மாமா நல்ல இலையாகப் பொறுக்கி, முழுக்கால்சட்டையில் துடைத்து, காம்பு கிள்ளி, அந்தச் சுண்ணாம்பையே கட்டைவிரலால் தடவி மடித்துக் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றார்கள். சுவரிலிருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மென்று முடித்ததும் இரண்டு பேரும் சன்னல் வெளிச்சத்தில் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் தொங்கிய முகமூடியும் நாக்கை நீட்டியிருந்ததால் மூன்று பேர் மருத்துவரிடம் வந்ததுபோல இருந்தது. மூன்றில் ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். "ம்ஹூம். இது சரிப்படாது."

தம்பி தரையைப் பார்த்தான்.

"மாப்பிள்ளைய அனுப்பி நல்ல சுண்ணாம்பா வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

யாரைச் சொல்கிறார் என்று தம்பி திரும்பிப் பார்த்தான். பின்னால் கேடயம்தான் இருந்தது. நான் அவன் கையில் கிள்ளியதும் புரிந்துகொண்டு, தேநீரைத் தொடாமல், பெரியவரின் செருப்பை ஒரு காலிலும் தன்னுடையதை மறுகாலிலும் மாட்டிக்கொண்டு ஓடினான். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கே கிடைக்கும் என்று தம்பிக்குத் தெரியாது, லிட்டில் இந்தியாவரைக்கும் போக வேண்டியிருக்கும், நானும் போய்ட்டு வரேன்பா என்று பெண்ணும் பின்னாலேயே போனாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாமா பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்ளலாம் என்று கைப்பையிலிருந்து டிஷ்யூவை உருவினேன். பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஏதோ வந்தது. கடைக்காரர் கொடுத்த சுண்ணாம்பு, பாவம், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அவர்கள் இன்னும் மின்தூக்கி வாசலில்தான் நின்றார்கள். கூப்பிட்டால் கேட்கும். நான் அதைக் குடைக்கு அடியில் தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினேன். உங்கள் பையில் இன்னொரு தடவை பாருங்களேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.