முதுகில் கண் முளைக்கும் சீட்டு

அறுபதுகளின் கடைசியில், இரும்புலியூரில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் வாக்குத்தத்தச் சீட்டுகள். ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொன்று எடுத்து, அதிலுள்ள வேத வசனத்தை உரக்கப் படிப்போம்; மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். இன்னொன்றில் இருந்தது எனக்கும் அப்பாவுக்குமான சண்டை.

நான் பள்ளியில் விலங்கியல் டீச்சர். அப்பா சபையில் மூப்பர். "கண்ணு மாதிரி ஒண்ணு குருட்டாம்போக்குல தானா வந்துதுன்னா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றே?" என்பார். குருட்டாம்போக்கில் வருவது சின்னச் சின்ன மாற்றம்தான், பிழைக்க உதவுவது தங்கும், உதவாதது போய்விடும், அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் கண் என்பேன். வாயால் சொல்லி ஆகவில்லை. சீட்டு எழுதி இரண்டாவது டப்பாவில் போட்டேன். பள்ளிக்கரணைச் சேற்றில் ஒரு புழு இருப்பதாக வைத்துக்கொண்டு, தினம் சாயங்காலம் ஒரு சீட்டு எடுப்போம். 'தோலில் ஒரு புள்ளிக்கு வெளிச்சம் தெரியும்.' 'அந்தப் புள்ளி கொஞ்சம் குழியும்.' 'வால் இரண்டு அங்குலம் நீளும்.' புழுவுக்கு உதவுகிற மாற்றத்தை வைத்துக்கொள்வோம், மற்றதைத் தள்ளிவிடுவோம். என்னைக் கிண்டல் செய்ய அப்பாவும் சில சீட்டு எழுதிப் போட்டிருந்தார்.

இதற்கிடையில் மூன்று வரன்களை வேண்டாமென்று சொல்லியிருந்தேன். மூன்று பேருமே, கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் புழு பூச்சியெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள். நான்காவது வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தன் அம்மாவோடு வந்தார். ஏதோ ஆபீசில் வேலை. இவருக்கும் 'வேண்டாம்' தயாராக இருந்தது. என் அம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியமில்லை.

அப்பா நீளமாக ஜெபம் செய்தார். அம்மா படபடப்பில் டப்பாவை எடுத்து நீட்டினாள். மாப்பிள்ளை பயபக்தியோடு ஒரு சீட்டு எடுத்துப் படித்தார்: "முதுகில் ஒரு கண் முளைக்கும்."

பழக்க தோஷம், எல்லோரும் ஆமென் என்றோம்.

அடுத்து அவருடைய அம்மா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு: "வால் இரண்டு அங்குலம் நீளும்."

இந்தத் தடவை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. நான்தான் எழுந்து, டப்பா மாறிப்போனதையும் புழுவின் கதையையும் உளறிக் கொட்டினேன். பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிட்டது, இனி என்ன மரியாதை என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மாறும்னுதானே சொன்னீங்க? அப்போ ஒரே சீட்டுல முழுக் கண்ணு எப்படி? இது போங்காட்டம்."

"அது அப்பா எழுதினது" என்றேன்.

"சார், இது ரூல்ஸ்ல வராது" என்றார், அப்பாவிடம்.

அவருடைய அம்மா தன் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் கிட்டக் காட்டணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு வால் இருக்குன்னுதான் சொல்லிட்டு இருக்கார்."

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. சமையலறைக்கு ஓடினேன். அப்பா பின்னாலேயே வந்தார்.

"இன்னா சொல்றே?"

"சரின்னு சொல்லிடுங்கப்பா."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷருக்கு அப்போதும் விட மனசில்லை. "மூணு வருஷமா முடியாதுன்னே. இப்போ அஞ்சு நிமிஷத்துல சரிங்கிறே. இது மட்டும் எப்படி ஒரே சீட்டுல வந்துது?"

காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன்.