சக்கரம் சாய்ந்தே இருக்கட்டும்

நான் காரை மணலுக்குள் விட்டதை எங்கள் சொந்தக்காரர்களில் பார்க்காத ஆள் கிடையாது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் ட்ராக்கில், பெயர் கொடுத்தால் யாரும் தன் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம் என்று விடுகிற நாள் அது. நீளமான ஒரு வலது வளைவு. நான் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டே இருக்கிறேன், வண்டி பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. மணலில் புதைந்து நின்றதையும், டிராக்டர் வந்து கட்டி இழுத்ததையும் எவனோ செல்போனில் பிடித்து அனுப்ப, நான் மதுரை திரும்புவதற்குள் அது எங்கள் குடும்ப குரூப்புக்கு வந்துவிட்டது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். நான் திருநகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பெண்களுக்கு நான் சொல்லித் தருகிறேன், ஆண்களுக்கு என் தம்பி. ட்ராக்கில் நான் ஓட்டியதே எங்கள் பழைய ஸ்கூல் கார்தான். புதிதாகப் பழக வந்த அத்தனை பேரும் ஸ்பீடு பிரேக்கரில் தொம்மென்று விட்டு, கிளட்சை மிதிக்கிற மிதியில் அழவைத்து, ஓய்ந்துபோன வண்டி. விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னபோது, L போர்டையும் என் பக்கத்து இரட்டை பெடலையும் கழற்றிவிட்டு நானே வைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாணப் பந்தியில் பேச்சு இதில் வந்து நின்றது. வண்டியின் முன்பக்கம் தளர்ந்துவிட்டது, அதனால்தான் திரும்பவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் இருந்த தம்பி, ரசத்துக்குக் குழி பறித்தபடியே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். அந்த வரிசையே சிரித்தது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

அதோடு விட்டானா என்றால் இல்லை. மறுநாள் ஆபீஸுக்கு வந்து, நல்லது சொல்கிற முகத்தோடு உட்கார்ந்தான். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் மாமியார் மருமகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இனிமேல் பெண்கள் வகுப்பையும் அவனே எடுத்துக்கொள்வானாம். நான் ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனை எடுத்துப் பேசினால் போதுமாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே காருக்குள் உட்காருவதுதான். போன் எடுக்கவா நான் பிறந்தேன்?

அதே ட்ராக், அதே வளைவு, அதே கார் என்றேன் அவனிடம். இன்னொரு தடவை ஓட்டுகிறேன். வளைவில் வண்டி ரோட்டைவிட்டு வெளியே போனால் நானே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவனும் சரி என்றான். அவன் சரி என்ற வேகத்தைப் பார்த்தால், எனக்கு அந்த நாற்காலியை அப்போதே துடைத்து வைத்துவிட்டான் போலிருந்தது.

எது கெட்டது என்று டயரே சொன்னது. முன் டயரின் வெளி ஓரம் மட்டும் துருவிய தேங்காய் மாதிரி பிய்ந்திருந்தது. வேகமாக வளையும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வில் டயரும் புரண்டு, ஓரத்தால் மட்டும் தரையைத் தொடுகிறது. அப்புறம் எங்கிருந்து பிடிக்கும்? இன்னும் இறுக்கமான, குட்டையான ஸ்பிரிங் வேண்டும், நல்ல ஷாக் அப்சார்பர் வேண்டும், சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் ஓய்ந்துபோன புஷ் ரப்பர்களை மாற்ற வேண்டும். இரண்டு முன் சக்கரங்களின் தலையையும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் வண்டி சாயும்போது டயர் தட்டையாகப் படியும். சாய்ப்பதற்கென்றே, தண்டு நடுவைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் சக்கரம் சாயும், நிமிரும்.

எங்கள் மெக்கானிக்குக்கு செல்லூரில் பட்டறை. சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் ஓடுவதால் எதையும் கத்தித்தான் பேச வேண்டும். ஸ்பிரிங் வேலை என்றதும் அவர் ஸ்பிரிங்குக்கு நடுவில் செருகுகிற ரப்பர் கட்டையைக் கையில் எடுத்துவிட்டார். ஊரில் எல்லோரும் வண்டியைத் தூக்கிவிடத்தான் அவரிடம் வருவார்கள். இருக்கிற ஸ்பீடு பிரேக்கருக்கு அதுதான் நியாயமும். இறக்க வேண்டும் என்று நான் கத்தினேன். "எறக்கவா? அடி தட்டுமேக்கா" என்று அவரும் கத்தினார். தட்டட்டும் என்றேன்.

புஷ் மாட்டும்போது மறுபடியும் ஒரு சண்டை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கப் போனார். கூடாது, இறக்கிவிட்டு முறுக்குங்கள் என்று நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் நிற்கிற நேரமெல்லாம் ரப்பர் திருகியபடியே கிடக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். அவர் இத்தனை வருடமாக அப்படித்தான் முறுக்குகிறாராம், யாரும் திரும்பி வந்து கேட்டதில்லையாம். ஆனாலும் முனகிக்கொண்டே மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் சக்கரங்களை நிறுத்தி, அடியில் நுழைந்து முறுக்கினார். முடித்துவிட்டு எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். கோபக்காரர்கள் ஒருவரையொருவர் சீக்கிரம் புரிந்துகொள்வோம்.

சாய்வை மட்டும் நானே வைத்தேன். வீட்டு போர்டிகோவில் காரை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று அளந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை விடவில்லை. வண்டி நீளத்துக்கு நூல் கட்டி, சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்றும் சரிபார்த்தேன். பிறகு அந்த போல்டுகளிலும் அவற்றைப் பிடித்திருக்கும் தாங்கிகளிலும் சேர்த்து ஒரே கோடாக என் நெயில் பாலிஷால் போட்டேன், ஸ்டீயரிங் தண்டுகளிலும் அப்படியே. போல்ட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அலங்காநல்லூர் ரோட்டில் ஒரு சுற்று போனேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் முதுகெலும்பை எண்ணிப் பார்த்தது. ஆனால் திருப்பினால் வண்டி திரும்பியது. எனக்குச் சிரிப்பாய் வந்தது.

அலைன்மென்ட் கடை மெஷினில் ஒருமுறை காட்டி, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்துவிட்டால் திருப்தி. அன்று எனக்கு வகுப்பு இருந்தது. தம்பி கொண்டுபோவதாகச் சொன்னான். பார்க்க மட்டும் சொல், எதையும் திருகக் கூடாது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் சாவியைக் கொடுத்தவன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். அவனையும் ஏற்றிக்கொண்டு அப்படியே கோயம்புத்தூருக்கு ஓட்டிப் போனேன். நாலு வழிச் சாலையில் நேராகப் போகிறவரை எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

ட்ராக்கில் முதல் ஓட்டத்திலேயே அந்த வளைவு என்னைக் கொன்றுவிட்டது. மறுபடியும் அதே கதை. திருப்பினேன், வண்டி நேராக வழுக்கியது. இந்தத் தடவை சட்டென்று காலை எடுத்துவிட்டதால் ஒரு சக்கரம் மட்டும் மணலைத் தொட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தது. மெதுவாக ஓட்டி வந்து நிறுத்தினேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"போதும்க்கா," என்றான். கிண்டல்கூட இல்லை. உண்மையாகவே பாவப்பட்டுச் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒருவேளை நான்தானோ? கூடம் நேராகத்தான் இருக்கிறதோ? தண்ணீர் குடிக்கிற சாக்கில் காரின் மறுபக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். எதிரே முன் சக்கரம். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நின்றது. நான் சாய்த்து வைத்த சக்கரம் இது இல்லையே. டார்ச்சைப் போட்டு உள்ளே பார்த்தேன். போல்டின் கோடு ஒரு பக்கம், தாங்கியின் கோடு இன்னொரு பக்கம். மறுபக்கச் சக்கரத்திலும் அப்படியே.

எழுந்து போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான். கம்பெனி அளவில் இல்லை என்று மெஷின் திரையில் இரண்டு பக்கமும் சிவப்பு காட்டியதாம். டயரைத் தின்றுவிடும், யார் இப்படி மாட்டியது என்று கடைக்காரர் கேட்டாராம். கஸ்டமர் வண்டியைச் சிவப்பில் அனுப்பினால் கடைக்கு அசிங்கம் என்றாராம். இரண்டு பேருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"நீ தெரியாம வச்சுட்டன்னு நெனச்சேன்க்கா. சொன்னா சண்டைக்கு வருவ."

வந்தேன். ட்ராக்கில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி வந்தேன். அளந்து அளந்து வைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, முகம் தெரியாத ஒருத்தர் சொன்னதும் தலையாட்டத் தோன்றியிருக்கிறது. திட்டி முடித்துவிட்டு ஜாக்கியை எடுக்கச் சொன்னேன். எடுத்து வந்தான். சூடாக இருந்த பிரேக்கில் விரலைச் சுட்டுக்கொண்டு, கோட்டோடு கோடு சேரும்வரை ஒவ்வொரு போல்டாகத் திருகினேன். ஸ்டீயரிங் தண்டுகளையும் பழைய கோட்டுக்கே கொண்டுவந்தேன். அவன் ஸ்பேனரை நீட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஓட்டத்தில் முதல் சுற்றை மெதுவாகப் போய் டயரைச் சூடாக்கினேன். இரண்டாம் சுற்றில் அந்த வளைவு வந்தது. பிரேக்கை விட்டேன், திருப்பினேன். ஆக்சிலரேட்டரிலிருந்து எடு எடு என்று கால் கெஞ்சியது. எடுக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, டயர் தரையைப் பிடித்தது, நான் பார்த்த இடத்துக்கு மூக்கு திரும்பியது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அடுத்த சுற்றிலும் அப்படியே, அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே.

வந்து நிறுத்தியதும் தம்பி ஓடி வந்து பானட்டைத் தட்டினான். "வண்டி இப்ப செட்டாயிருச்சுக்கா!"

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. "மணலுக்குள்ள போனா நானு, ரோட்டுல போனா வண்டியா?" என்றேன். ஹெல்மெட்டை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். "போ. அதே வண்டிதான். நீ ஓட்டு."

அவன் பெயரையும் காலையிலேயே கொடுத்திருந்தோம். போனான். நான் அந்த வளைவுக்குப் பக்கத்து வேலியில் போய் நின்றுகொண்டேன். நேர் சாலையில் நன்றாகத்தான் வந்தான். வளைவு நெருங்கியதும் எஞ்சின் சத்தம் அடங்கியது, பிரேக் விளக்கு எரிந்தது, கல்யாண ஊர்வலத்துக் கார் மாதிரி சுற்றிப் போனான். மறு சுற்றிலும் அதேதான். அதற்கும் அடுத்த சுற்றில், வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் விளக்கு எரிந்துவிட்டது.

திரும்பி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வேர்வை.

"நீ அந்த எடத்துல காலையே எடுக்கலையாக்கா?"

எடுக்கவில்லை என்றேன்.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். "எனக்குப் பயம் வந்துருச்சுக்கா," என்றான். "பொம்பளைங்க கிளாஸ நீயே எடு. போனை நான் பாத்துக்கிறேன்."

குத்தலாக ஒன்று வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். எறங்குடா என்றேன். இறங்கி, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.