திருப்பிப் போடாத கட்டை

மல்லிகைப் பூவின் வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் என் நாக்கில் தகரத்தின் ருசி ஊறும். பூ வைத்த பெண் யாராவது பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும், பதினோரு வயதில் பல்லுக்கு நடுவே கவ்விப் பிடித்திருந்த சின்ன டார்ச் லைட்டின் அந்தக் குளிர்ந்த ருசி வந்துவிடும். எச்சிலை விழுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் காடு. கிணற்றில் தண்ணீர் இருந்த நாலைந்து பேர் மட்டும் மல்லிகை போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் பறித்து முதல் பஸ்ஸில் டவுனுக்கு ஏற்றிவிட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் மலரப்போகிற வெள்ளை மொட்டை மட்டும்தான் எடுக்க வேண்டும். பச்சை மொட்டு நாளைக்கோ மறுநாளைக்கோ உள்ளது. விரலால் தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணால் பார்த்தால்தான் தெரியும், பார்க்க வெளிச்சம் வேண்டும். ஆனால் பூப்பறிக்கிறவளுக்கு இரண்டு கையும் செடியில் இருக்க வேண்டும். லைட்டைப் பிடிக்க மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான்.

ஊரில் இருந்தவை எல்லாம் "ரெண்டு கட்டை லைட்டு", "மூணு கட்டை லைட்டு". கட்டை என்றால் பேட்டரி. எங்கள் அம்மா அந்த நீளமான லைட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பறிப்பாள், குனிந்தால் நழுவிவிடும். எனக்கும் தனியாக ஒரு "நெரை", அதாவது ஒரு வரிசைச் செடி, கொடுத்தபோதுதான் என் வாய்க்குத் தக்க லைட்டு வேண்டும் என்று வந்தது. எண்பதுகளின் கடைசி அது. மில்லில் வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் என்னை அருப்புக்கோட்டைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார்கள். கடைக்காரர் நாலு லைட்டை எடுத்து வைத்தார். ஒன்று கனம், ஒன்று பருமன், ஒன்று பிளாஸ்டிக், கீழே விழுந்தால் உடைந்துவிடும். நாலாவது, பென்சில் கட்டை இரண்டு போடுகிற, சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடித்த தகர லைட்டு.

"வாயில வச்சுப் பாருடி" என்றாள் அம்மா.

கடைக்காரர் பதறிப்போனார். "ஏம்மா, இதென்ன முட்டாய்க் கடையா? எச்சிப் பண்ணிட்டு வேண்டாம்னு போனா நான் யாரு தலையில கட்டுறது?"

"வாங்கத்தாண்ணே வந்திருக்கோம். செருப்பு வாங்குனா காலுக்கு அளவு பாக்கமாட்டாகளா? அது மாதிரி, வாய்க்கு அளவு பாக்குறோம்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் கவ்வினேன். பொருந்திவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா பல் கூசாமல் இருக்க அதன் அடிப்பக்கத்தில் பழைய வேட்டிக் கரையைக் கிழித்துச் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். ஆனாலும் துணியை மீறி நாக்கு நுனியில் தகரம் படத்தான் செய்தது. அப்பா ஒரு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு கட்டையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் மடியில் கிடக்கும்போது சுவிட்சு நகர்ந்து தானாக எரிந்து தீராது. மறுநாள் கிளம்பும்போது நேராகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் இந்த வழக்கம் கிடையாது.

என் நெரைக்கு அடுத்த நெரை பேச்சியுடையது. என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்தவள். அவள் அம்மா பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்ததால், அம்மாவின் நெரையைப் பிடித்து வைத்துக்கொள்ள அவள் வந்தாள். ஒரு நாள் வராவிட்டாலும் நெரை வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு லைட்டு கிடையாது. என் வாயிலிருந்து சிந்துகிற வெளிச்சத்திலேயே பறித்துக்கொள்வாள். வாய் சும்மா இருந்ததால் கதை கதையாகச் சொல்லிக்கொண்டும் இருப்பாள். அந்த லைட்டை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடிந்ததெல்லாம் "ம்" ஒன்றுதான்.

"வாத்தியாரு வேட்டிய மாடு தின்ன கத தெரியுமாடி?"

"ம்."

"தெரியாம 'ம்'முங்காத. சொல்றேன் கேளு."

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் அவள் கை என் கையைவிட வேகம். தோட்டத்துக்காரர் ஒருநாள் இரண்டு பேர் மடியையும் எட்டிப் பார்த்துவிட்டு, "லைட்டு இவ வாயில இருக்கு, பூவெல்லாம் அவ மடியில இருக்கு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிகூட என் தோளில் தட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பக்கம் வெளிச்சம் போகாதபடி தலையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பறித்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பங்குனியில் எங்கள் மாரியம்மனுக்குப் பொங்கல் வந்தது. அம்மா அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். கூடப் போகிற எனக்கும் கையில் காப்புக் கட்டியிருந்தது. அதனால் தோட்டத்துக்காரரிடம் முன்னமே கேட்டுக்கொண்டு, பொங்கலன்று நாங்கள் பூப்பறிக்கப் போகவில்லை. முந்தின நாள் பொழுது சாய, பேச்சி வாசலில் வந்து நின்றாள்.

"அத்தே, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அவ லைட்டக் குடுங்கத்தே. திருவிழாப் பூவு, கவனமா எடுக்கணும்னு தோட்டத்து மாமா சொல்லியிருக்காக."

"அதுக்கென்ன, கொண்டு போ தாயி" என்று சொல்லிவிட்டு அம்மா என்னை உள்ளே அனுப்பினாள். மாடக்குழியிலிருந்து லைட்டை எடுத்தேன். கட்டை திரும்பிக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். மூடியைத் திருகித் திறந்தேன், பார்த்தேன், அப்படியே மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வெளியே வந்து அவள் கையில் கொடுத்தேன்.

"கட்டையத் திருப்பிப் போட்டுட்டியாடி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"ம்" என்றேன். அப்போது என் வாயில் லைட்டு இல்லை.

மறந்துவிட்டேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கையில் அம்மனுக்குக் கட்டிய காப்பு இருந்தது, அதுவும் நினைவில் இருந்தது.

மறுநாள் வெயில் ஏறிய நேரம், கோயில் திடலில் பொங்கல் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன. பேச்சி லைட்டைப் பாவாடைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. லைட்டை என் கையில் வைத்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலடி. வாயில வச்சேன், எரியல. தட்டிப் பாத்தேன், துடச்சுப் பாத்தேன். என் எச்சி உள்ள போயிருச்சு போலடி."

"பெறகு எப்பிடிப் பறிச்ச?"

"தடவித்தான். எடுக்காமப் போனா நெரை போயிருமே."

நான் பதில் சொல்வதற்குள் தோட்டத்துக்காரர் வந்துவிட்டார். டவுன் பூக்கடையிலிருந்து நேராக வருகிறார். அவள் பறித்த பூவில் பாதி பச்சை மொட்டு. வியாபாரி மூட்டையோடு தள்ளிவிட்டார்.

"கோயிலுக்குப் போற பூவுல பிஞ்சக் கலந்து வச்சிருக்கியே, கண்ண எங்க வச்சிருந்த?"

"லைட்டு எரியல மாமா. இந்தா பாருங்க" என்று பேச்சி என் கையைக் காட்டினாள்.

அவர் என்னிடமிருந்து லைட்டை வாங்கி இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். "நேத்து வரைக்கும் நல்லா எரிஞ்ச லைட்டு. அதையும் கெடுத்து வச்சிருக்க. நாளையிலருந்து தோட்டத்துப் பக்கம் வராத."

லைட்டு திரும்ப என் கைக்கு வந்தது. மூடியைத் திருகி ஒரு கட்டையைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பேச்சி அவர் பின்னாலேயே "மாமா, மாமா" என்று நடந்தாள். தீச்சட்டிக்காரர்கள் வருகிற கொட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்தச் சத்தத்தில் நான் ஒளிந்துகொண்டேன்.

பொங்கல் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "லைட்டு கெட்டுப் போச்சாமே" என்று அம்மா கேட்டாள். நான் உள்ளே போய்க் கட்டையை நேராகப் போட்டுக்கொண்டு வந்து எரித்துக் காட்டினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா மனசு வச்சுட்டா, தானா எரியுது பாரு" என்று சொல்லி, லைட்டுக்கும் என் நெற்றிக்கும் திருநீறு பூசினாள். சாமி காரியத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ குறை வந்திருக்கும். பொய்க்குத் திருநீறு வாங்கிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுநாள் அம்மா பேச்சிக்காகத் தோட்டத்துக்காரரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். நெரையை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்.

அடுத்த வாரமே பேச்சி, தீக்குச்சி அடுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறினாள். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை அவள் எழுதவில்லை. நாங்கள் தோட்டத்துக்கு நடக்கிற அதே இருட்டு நேரத்தில்தான் அந்த பஸ் வரும், சின்னச் சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏய், லைட்டு சரியாயிருச்சாடி?" என்று கத்தினாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். வாயில் லைட்டோடு நின்ற நான், "ம்" என்றேன்.

நான் எட்டாவது வரை படித்தேன். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கே வந்துவிட்டேன். நாளும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். போன வருஷம் ஊர்ப் பொங்கலுக்குப் போயிருந்தபோது, சாத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பேச்சி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "உன் லைட்ட நாந்தானடி கெடுத்தேன். எச்சிய உள்ள விட்டு… இன்னைக்கும் டார்ச்சப் பாத்தா உன் நெனப்புத்தான். அப்ப உங்கம்மா ஒரு வார்த்த திட்டலையே" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள், என் பாரத்தை. நான் சொல்லியிருக்கலாம். "ம்" என்றேன். திரும்பும்போது பஸ் போர்டை என்னைத்தான் வாசிக்கச் சொன்னாள்; பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தெல்லாம் அப்போதே மறந்துபோச்சாம்.

மார்கழியில் விடியுமுன் கோயிலுக்குப் போக, போன வாரம் ஒரு சின்ன டார்ச் வாங்கக் கடைக்குப் போனேன். சாவிக்கொத்தில் மாட்டுவது, நெற்றியில் கட்டுவது, சார்ஜ் ஏற்றுவது என்று கடைக்காரத் தம்பி பரப்பி வைத்தார். இப்போது பூப்பறிக்கிறவர்கள் நெற்றியில் கட்டுகிற லைட்டைத்தான் வாங்குகிறார்களாம்; வாயும் சும்மா இருக்கும், கையும் சும்மா இருக்கும். நான் எடுத்த குட்டி டார்ச் எரியவில்லை. "கட்டையத் திருப்பிப் போட்டு வச்சிருக்கோம்க்கா, தானா எரிஞ்சு வீணாயிரக்கூடாதுன்னு" என்று சொல்லி, மூடியைத் திருகித் திருப்பிப் போட்டு எரித்துக் காட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கலர் கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். அந்த பஸ்ஸும் வருவதில்லை. எங்கள் அம்மாவும் இல்லை. "திருப்பிப் போட்டுட்டியாடி?" என்று கேட்ட அவளுக்கு இனிப் பதில் சொல்ல வழியில்லை. பேச்சி இருக்கிறாள். இந்தப் பங்குனிக்கும் வருவாள். இதை எழுதியாகிவிட்டது, ஆனால் அவளால் வாசிக்க முடியாது. பக்கத்தில் உட்கார வைத்து நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த "ம்" வருகிற இடத்தில் நிறுத்திவிடாமல் மேலே வாசிக்கிற தைரியத்தை அம்மன்தான் எனக்குத் தர வேண்டும்.