அப்பா சாமித்தட்டுக்கு வராத வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால் அம்மா நின்றா, தங்கச்சி நின்றாள், நான் நின்றேன். அப்பா இல்லை. "அரசாங்கத்தைப் பேய்க்காட்டிக் காசு எடுத்தவன் எண்ட பேரோட பிள்ளையாருக்கு முன்னால எப்பிடி நிக்கிறது" என்று சொல்லிவிட்டு, கீழே பார்க்கிங்கில் காருக்குள் போய் இருந்துவிட்டார்.

அடியார்களே, நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா வந்த பங்குனியில் அப்பா வேலை செய்த ஹோட்டல் சலவைப் பகுதி மூடப்பட்டது. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் நான்கு கிழமைக்கு இரண்டாயிரம் டொலர் கொடுத்தது. அதற்கு முந்திய ஒரு வருடத்தில் ஐயாயிரம் உழைத்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ஏழு தடவை காசு வந்தது. வாடகை கட்டினோம். சாப்பிட்டோம்.

பிறகு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. உழைத்ததற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பதினாலாயிரத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பாவை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியையோ இழுத்து மூடிவிட்டார்கள். போனை யாரும் எடுக்கவில்லை. அப்பா செக்கைக் கடையில் கொடுத்துக் காசாக்குகிறவர், வங்கியிலும் பதிவு இல்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "படிச்சவன் நீ. நீ நிரப்பினது பிழையோ தம்பி?"

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அஜக்ஸில் இருக்கும் அங்கிள் ஒருவர், தெரிந்த கடையில் பொய்யாக ஒரு வேலைக் கடிதம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். மறைக்கவில்லை, எனக்கு ஆசை வந்தது. அப்பா மறுத்துவிட்டார்.

கொரோனாவால் கோயில் மறுபடி பூட்டியிருந்த காலம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலடிக்குக் காரில் போய், வீதியோரம் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்டேன். பிள்ளையாரப்பா, என் அப்பா உழைத்தது உனக்குத் தெரியும். வழி காட்டு. பதினொரு தேங்காய் உடைக்கிறேன்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த வெள்ளிக்கிழமை. வழக்கமாக அம்மா படங்களின் முன்பக்கத்தை மட்டும் துடைப்பா. அன்று பிள்ளையார் படத்தின் ஆணி ஆடியது. படத்தை இறக்கினா. பின்னாலிருந்து கடுதாசித் துண்டுகள் பொலபொலவென்று கொட்டின.

சம்பள நாளில் செக்கைப் பிள்ளையாரடியில் வைத்து எடுப்பது அப்பாவின் வழக்கம். செக்கோடு ஒட்டி வரும் சம்பளத் துண்டை அவருக்கு வாசிக்கத் தெரியாது. சாமியிடம் வைத்ததைக் குப்பையில் போடக்கூடாது என்று படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார்; அதுதான் ஆதாரம் என்று அவருக்குத் தெரியாது.

இருபத்திரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் பெயர், அந்த முந்திய வருடத்துத் திகதி, தொகை. நிலத்தில் பரப்பிக் கூட்டினேன். ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

தங்கச்சி ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தாள். அம்மா அழுதபடியே, "பிள்ளையாருக்குப் பின்னால பாங்கே நடத்தியிருக்கிறியள், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றா. அப்பா துண்டுகளைப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

எல்லாவற்றையும் அனுப்பினேன். ஏழு கிழமையில் பதில் வந்தது. ஆதாரம் போதும், ஒரு சதமும் திருப்பிக் கட்டத் தேவையில்லை.

என் படிப்பு வீட்டைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன். காப்பாற்றியது அப்பாவின் கும்பிடு. இப்போது யாருக்குப் படிவம் நிரப்பினாலும், கும்பிட்டுவிட்டுத்தான் பேனையைத் தொடுகிறேன். உங்கள் வீட்டுக்கும் அப்படிக் கடிதம் வந்தால் பொய்யின் பக்கம் போகாதீர்கள். பிள்ளையாரிடம் கேளுங்கள். நீங்கள் மறந்ததை அவர் பத்திரமாக வைத்திருப்பார்.

கோயில் திறந்ததும் நால்வரும் போய்ப் பதினொரு தேங்காய் உடைத்தோம். தேங்காய் வாங்கிய கடை ரசீதையும் அப்பா படத்துக்குப் பின்னால்தான் செருகியிருக்கிறார். இருபத்தேழு டொலர் ஐம்பது சதம்.