மெழுகுதிரியும் இரும்பு உருளையும்

இரண்டு வாரமாகப் பத்திரிகையில் என் பத்தி வரும் இந்த இடம் காலியாக இருந்ததே — கவனித்தீர்களா? கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், என் மச்சான் சூசையின் கட்டிலருகே கிடந்தேன்.

சூசை என் தங்கை திரேசாவின் புருஷன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளார்க். மழையில் நனைந்தான், இருமினான், சுருட்டை மட்டும் விடவில்லை. கடைசியில் நிமோனியா! தோட்டத் துரையின் மோட்டாரில் கொண்டுவந்து இறக்கியபோது உதடெல்லாம் நாவற்பழ நிறம். பாவிப் பயல்... மூச்சுக்கு அவன் பட்ட பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

நர்ஸ் ஆளுயர இரும்பு உருளை ஒன்றைத் தள்ளி வந்தாள். அதிலிருந்து ஒரு குழாய். குழாய் முனையில் புனல். ஒக்சிஜனாம்! அவன் முகத்தருகே பிடிக்கச் சொல்லிப் புனலை என்னிடம் தந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரர் சும்மா இருந்தாரா?

"அந்த உருளை வந்தா முடிஞ்சுதுங்க. போனவங்க எல்லாத்துக்கும் அதைத்தான் வச்சாங்க."

கால்மாட்டில் நின்ற திரேசாவுக்கு அது போதாதா? மடியிலிருந்து மந்திரித்த மெழுகுதிரியை எடுத்தாள். எங்கள் கத்தோலிக்க வழக்கம் — உயிர் பிரிகிற நேரம் கையில் எரியும் திரி இருக்க வேண்டும். தீப்பெட்டியையும் திறந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை, நானும்தான் அழுதுகொண்டிருந்தேனே.

நர்ஸ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா செய்றீங்க! இந்தக் காத்துக்குப் பக்கத்துல ஒரு பொறி விழுந்தா கட்டிலே பத்தி எரியும்!"

"வெளிச்சம் இல்லாமலா எம் புருஷன் போகணும்?"

"யாரும்மா போறா? அவரு உதட்டைப் பாருங்க!"

பார்த்தோம். நீலம் வெளுத்து, மெல்ல... மெல்ல... சிவப்பு எட்டிப் பார்த்தது. திரேசா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முன்னைவிடப் பலமாக!

ஒக்சிஜன் வந்தால் ஆள் போய்விடுமாம்! மூச்சு அடங்கப்போகும்போது மட்டும் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், பாவம், உருளைதான் என்ன செய்யும்? உதடு நீலமாகும்வரை காத்திருக்காதீர்கள், ஐயா.

முந்தாநாள் சூசை வீடு திரும்பினான். கதிரையில் சாய்ந்ததும் முதல் பேச்சு —

"புள்ள, என் சுருட்டு எங்க?"

திரேசா அலுமாரியைத் திறந்து, அந்த மெழுகுதிரியை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்க. அதைப் பத்தவைக்கிறதா இருந்தா, இதையும் கையோட பிடிச்சுக்குங்க."

நானும் சுருட்டெடுக்கச் சட்டைப் பைக்குள் விட்ட கையை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டேன்.