காயவிடக் கூடாத கருப்பு

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஆபரேட்டர் ஜெரால்டு அண்ணன், அப்புறம்... வெளியே தார்ப்பாயின் நடுவில், கையில் பலகையோடு முத்துராஜ் அண்ணாச்சி. இல்லாதவர்கள் இரண்டு பேர். மேனேஜர், கன்டெய்னரை ஏற்றிவிடத் துறைமுகம் போயிருந்தார். சேஃப்டி ஆபீசர், தங்கை கல்யாணத்துக்காகச் சாத்தான்குளத்தில். இருக்க வேண்டியவர்கள் அந்த மாதிரி நாளில் மட்டும் ஏன் இருப்பதே இல்லை?

போன வாரம், வெயில் ஏறிய நேரம். மேற்கத்திக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆமணக்கு எண்ணெயை மெழுகாக்குகிறோம். எண்ணெயைச் சூடாக்கி, அழுத்தத்தில் ஹைட்ரஜனை விட்டால் போதுமா? போதாது. நாள் முழுக்க விட்டாலும் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். அதில் கொஞ்சம் நிக்கல் தூளைப் போட வேண்டும். அப்புறம் பாருங்கள் – ஆறியதும் வெள்ளை மெழுகு! கிரீஸுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் போகிற சரக்கு. நிக்கல் மட்டும் செலவாகாமல் வடிகட்டியில் திரும்பி வந்துவிடும். பாடப் புத்தகத்தில் இதற்குப் பெயர் வினையூக்கி. எங்கள் ஷெட்டில் 'கருப்பு'.

இந்தக் கருப்பு தண்ணீருக்குள் இருக்கும்வரை சாது. காய்ந்து காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும், தீக்குச்சி வேண்டாம். டிரம்மில் தண்ணீருக்கு அடியில்தான் வரும்.

அண்ணாச்சி வேம்பார் உப்பளத்துக்காரர். கான்ட்ராக்டர் எங்களிடம் அனுப்பிய புது ஆள். டிரம்மை உள்ளே உருட்டி வைக்கச் சொல்லியிருந்தோம். உருட்டும்போது தண்ணீர் சளசளத்திருக்கிறது. சரக்கு நனைந்துவிட்டது என்று நினைத்து, தண்ணீரை இறுத்துவிட்டு, மொத்தத்தையும் வெயிலில் பரப்பிவிட்டார்.

நான் வெளியே வந்தபோது உப்பைப் புரட்டுவதுபோல் புரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஈரம். ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மூலையில் சின்னச் சின்னப் பொறிகள். கூப்பிடு தூரத்தில் ஹைட்ரஜன் சிலிண்டர்கள்.

கத்தலாமா? கத்தினால், திட்டுகிறார்கள் என்று பதறி எல்லாவற்றையும் கூட்டி அள்ளப் பார்ப்பார். காய்ந்த தூள் பறந்தால்... மனிதர் நெருப்புக்கு நடுவில்.

"அண்ணாச்சி, பலகையக் கீழ போடுங்க."

"இன்னும் ஒரே ஒரு பொரட்டு சார். நல்ல காத்து, இப்ப காஞ்சிரும்."

"ஏலே, நீ பேச்சுக் குடுத்துக்கிட்டே இரி," என்று என் காதில் சொல்லிவிட்டு ஜெரால்டு அண்ணன் மணல் வாளிக்கு ஓடினார்.

என்ன பேசுவது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கம்மை புன்னைக்காயல்ல கருவாடு காயப்போடும். இந்தப் பொரட்டுப் பொரட்டாது அண்ணாச்சி."

பலகை நின்றது. அதை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கருவாடும் உப்பும் ஒண்ணா சார்? படிச்சவுக இப்படிப் பேசுதீய."

இரண்டும் ஒன்றல்லதான், விளக்குங்கள் என்றேன். அவர் விளக்கினார். பொறுமையாக, உப்பு எப்படிப் பூக்கும் என்பதிலிருந்து. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை. என் கண் முழுக்க அந்த மூலையில். ஜெரால்டு அண்ணன் பொறிமேல் மணலைச் சரித்தார். இன்னொரு ஓரத்திலும் சரித்து அண்ணாச்சி நடந்து வர வழி போட்டார். பிறகு ஹோஸைத் தாழ்த்திப் பிடித்து, தூள் பறக்காமல் நடுவில் தண்ணீர் விட்டார். அப்போதுதான் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

மணல்மேல் நடந்து வெளியே வந்தார். பூட்ஸின் அடி ஒரு பக்கம் உருகியிருந்தது.

"டிரம்முல தீப்படம் போட்டிருந்துச்சே சார்," என்றார் மெதுவாக. "சூடு காட்டணும் போலன்னு நெனச்சேன்."

இந்தக் கரையில் ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் காயவைப்பதுதான். காய்ந்த மீனை விற்றுத்தான் என்னையும் படிக்க வைத்தார்கள். அவர் சரக்கைக் கெடுக்கவில்லை... காப்பாற்றியதாகத்தான் நினைத்தார்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். நாளையிலிருந்து அந்த ஆளை அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குப் போன் போடச் சொன்னார். மழைக்காலம் வந்தால் உப்பளத்தில் வேலை இருக்காது என்றுதான் அண்ணாச்சி முன்கூட்டியே எங்களிடம் வந்ததே.

"சார், போன் போடுதேன். அதுக்கு முன்னால டிரம்மப் பாத்துட்டு வாங்க. தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

போனார். டிரம் முழுக்க இங்கிலீஷ்தான். திரும்பி வந்தவர், போன் வேண்டாம், ஸ்டிக்கர் அடி என்றார்.

இப்போது ஒவ்வொரு டிரம்மிலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது: 'காயவிடாதே.' முதல் ஸ்டிக்கரை ஒட்டியவர் முத்துராஜ் அண்ணாச்சி.

கருப்பு, தார்ப்பாய், பூட்ஸ், நின்றுபோன வேலை எல்லாம் சேர்த்து நஷ்டம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஸ்டிக்கருக்கு ஆனது அறுபது.