பார்பரிக்மஸ்

அஸ்தம்பட்டி அலுவலகத்தில் இன்று யாரோ புளிச்சோற்று டப்பாவைத் திறக்க, என் வயிறு உறுமியது. திருச்செங்கோட்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடந்த மாலை டியூஷன் நினைவுக்கு வந்தது. கீழே சுத்தியல் சத்தம் ஓயும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் செல்வியின் வயிறு உறுமுவது கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அகராதிப் பைத்தியமான நான் அவளைக் காப்பாற்ற, "வயிறு உறுமுறதுக்கு இங்கிலீஷ்ல பார்பரிக்மஸ்னு பேரு புள்ள" என்றேன்.

"என்ற வயித்துக்கு இத்தனை பெரிய பேரா?" என்று அவளும் சிரித்தாள். அதன்பின் சத்தம் வரும்போதெல்லாம் அவளே என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். சொல் பிடித்துப்போய்ச் சொன்னாளா, பசிக்கிறது என்று சொன்னாளா, இன்னும் எனக்குப் புரியவில்லை. அந்த டியூஷன் நாட்களில் என் பையில் மட்டும் தினமும் புளிச்சோறு மிச்சமிருந்தது.